மூன்றாம் தரம் கூப்பிட்ட பிறகு

1

இந்தக் கதை எனக்கு இரத்தோட்டையிலிருந்து மாத்தளைக்கு வரும் பஸ்ஸில் கிடைத்தது. கிடைத்தது என்று சொன்னால் கௌரவமாக இருக்கிறது. ஒட்டுக்கேட்டேன் என்பதுதான் சரி. எனக்கு முன் சீட்டில் ஒரு பெண்ணும் ஓர் இளைஞனும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் மூணு தரம் கூப்பிட்டேன் வினோ. மூணு தரம்! ஒரு பதில் இல்ல."

"பதில் சொல்லாம இருக்காதுங்க. நீங்க கூப்பிட்ட விதத்துலதான் என்னமோ கோளாறு."

"அப்ப என்ன செய்யச் சொல்றீங்க? வாசல்லயே பாய் விரிச்சுப் படுக்கவா? கதவச் சாத்திட்டு வந்துட்டேன்."

காதல் தகராறு என்று முடிவுகட்டினேன். பெண் யாருடைய வாசலிலோ நின்று கூப்பிட்டிருக்கிறாள், அந்தப் பாவி வெளியே வரவில்லை, இந்த வினோ சமாதானத் தூது! அடடா, எவ்வளவு நாளாயிற்று இப்படியொன்று அகப்பட்டு. காதை முன்னால் நீட்டினேன். பொறுக்கமுடியாமல் கொஞ்ச நேரத்தில் வாயையும் நீட்டினேன். என்ன கேட்டேன் என்பதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

பிறகுதான் தெரிந்தது, பதில் சொல்லாத பாவி ஒரு பெட்டி. கராம்பு காயவைக்கும் கொட்டிலின் சுவரில் மாட்டிய, காற்றில் ஈரம் எவ்வளவு என்று பார்க்கும் சின்னப் பெட்டி. என் காதல் கதை மாத்தளைக்கு வரமுன்னே செத்துப்போனது.

வாசகரே, இருக்கிறீர்களா?

(இது முதல் தரம். ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.)

2

தொடக்கங்கள்:

மூடுபனி போர்த்திய மலைச்சாரலில், தேயிலைச் செடிகளின் ஊடே —

(விட்டுவிட்டேன். அன்று வெயில் மண்டையைப் பிளந்தது.)

மபாஸா ஒரு சாதாரணப் பெண். அவளுடைய —

(இதையும் விட்டேன். சாதாரணப் பெண் ஒருத்தியையும் மாத்தளையில் நான் இன்னும் சந்திக்கவில்லை.)

கணினி வலையமைப்பில் டேட்டாகிராம் எனப்படுவது யாதெனில் —

(இதைப் படித்துவிட்டு மபாஸாவே கொட்டாவி விட்டாள். ஆம், வரைவைக் கதாநாயகியிடமே காட்டினேன். காட்டக்கூடாது என்பார்கள். கராம்பு வாங்கப் போகும் கடை அவளுடைய வாப்பாவின் கடையாக இருந்தால் வேறு வழி?)

3

சரி, நேராகச் சொல்கிறேன்.

மாத்தளை பிரதான வீதியில் ஜுனைதீன் ஹாஜியாருக்கு ஒரு வாசனைச் சரக்குக் கடை இருக்கிறது. கராம்பு, மிளகு, சாதிக்காய், கறுவா. கடையின் மேல்மாடியில் ஓர் அறை. அந்த அறையில் இரண்டு மேசை, ஒரு மின்விசிறி, அவருடைய மகள் மபாஸா, அவளோடு தொழில்நுட்பக் கல்லூரியில் ஒன்றாகப் படித்த இரத்தோட்டைத் தோட்டத்து வினோஜன். வினோஜன் பெட்டிகளைச் செய்கிறான். பெட்டிகளோடு பேசும் மென்பொருளை மபாஸா எழுதுகிறாள். கம்பனி என்று சொல்லிக்கொள்கிறார்கள். பெயர்ப்பலகை இல்லை.

இனி விஷயத்துக்கு வாருங்கள். அந்த அறையைக் கைபேசிக் கடை போட ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். கொழும்பில் ஒரு நிறுவனம் மபாஸாவுக்கு வேலை தருவதாக எழுதியிருந்தது, வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று. அறை கிடைத்தால் மாத்தளை. கிடைக்காவிட்டால் கொழும்பில் உம்மாவின் தங்கை சாச்சி வீடு. அவளுக்கு மாத்தளையை விட்டுப் போக மனமில்லை. ஏன் என்று நான் கேட்டேன்.

"கொழும்புல நான் எழுதுறது எங்க போகுது, யாருக்குப் போகுது, ஒன்டும் தெரியவராது. இங்க நான் எழுதினது சரியா வேல செய்யுதா என்டு மூக்காலயே கண்டுபிடிக்க ஏலும். கராம்பு பூஞ்சணம் பூத்துப்போனா மணக்கும்தானே."

ஆனால் அறையைப் பற்றி வாப்பாவிடம் கேட்கவேண்டும். இரண்டு தரம் கேட்டிருந்தாள். இரண்டு தரமும் ஹாஜியார் சரக்கு நிறுத்துக்கொண்டிருந்தார். தராசில் சரக்கு இருக்கும்போது அவர் வாய் திறப்பதில்லை. பேச்சுக் கொடுத்து நிறுவையில் ஏமாற்றினான் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பது அவர் தொழில் தொடங்கிய நாளிலிருந்து வைத்திருக்கும் ஒழுங்கு. மின்தராசு வந்த பிறகும் ஒழுங்கு மாறவில்லை. மபாஸாவோ, ஒரு மௌனத்தை மூச்சு விடும் நேரத்துக்கு மேல் தாங்கமாட்டாத பிறவி. கேட்டாள், பதில் இல்லை, "சரி, விளங்கிட்டு" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு படியேறி ஓடினாள். இரண்டு தரமும் அப்படியே.

4

இப்போது டேட்டாகிராம். பயப்படாதீர்கள், எனக்கே விளங்கியதென்றால் உங்களுக்கு விளங்காதா?

"வாப்பா தம்புள்ளைக்கு மிளகு சாம்பிள் எப்புடி அனுப்புறாரு? பஸ் கண்டக்டர்ட கையில குடுக்கிறாரு. பொதி போய்ச் சேந்துச்சா என்டு கண்டக்டர் திரும்பி வந்து சொல்லுவாரா? மாட்டாரு. அதுதான் டேட்டாகிராம்" என்றாள் மபாஸா. "கையெழுத்து வாங்குற பதிவுத் தபால் வேற. அது பத்திரம், ஆனா ஆமை. இது போனாப் போச்சு, வந்தா வந்துச்சு. பதில் வரல்லையா, இன்னொரு பொதி அனுப்பு."

இப்படிப் பெட்டிகளுக்குக் குரல் கொடுத்துப் பதில் வாங்க அவள் மூன்று நிரல்கள் எழுதியிருந்தாள். தம்புள்ளையில் மரக்கறி வைக்கும் குளிரறைக்கு ஒன்று, ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடிக்கு ஒன்று, ஒரு மிளகுக் களஞ்சியத்துக்கு ஒன்று. எழுதியிருந்தாள் என்றா சொன்னேன்? முதலாவதை எழுதினாள், மற்றதெல்லாம் பிரதி. அதனால் குளிரறையில் ஒரு பிழையைத் திருத்தினால் அதே பிழை தேயிலையில் சுகமாகக் குடியிருக்கும். அங்கே விரட்டினால் மிளகில் போய் ஒளியும். எலி விரட்டுகிற வேலைதான்.

ஒருநாள் மூன்றையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கதவைத் திற. கூப்பிடு. காத்திரு. பதில் இல்லாவிட்டால் திரும்பக் கூப்பிடு. கதவைச் சாத்து. மூன்றிலும் ஒன்றே! வித்தியாசம் ஒரே ஓர் இடத்தில்தான்: வந்த பதிலை என்ன செய்வது? குளிரறை என்றால் சூடு ஏறினால் மணி அடிக்கவேண்டும். தேயிலை என்றால் காற்றாடியின் வேகத்தைக் குறைக்கவேண்டும். மிளகு என்றால் வரைபடத்தில் ஒரு புள்ளி.

அப்படியானால் பொதுவான வேலைகளை ஒரே இடத்தில், ஒரே தரம் எழுதிவிடலாம். அதற்குப் பெயர் பேஸ் கிளாஸ். தாய் வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கூப்பிடுவதும் காத்திருப்பதும் தாயின் பொறுப்பு. வந்ததை என்ன செய்வது என்ற இடத்தைத் தாய் வெறுமையாக விட்டுவிடுவாள். பிறக்கிற ஒவ்வொரு பிள்ளையும் அந்த ஓர் இடத்தை மட்டும் நிரப்பினால் போதும். நாளைக்கு நான்காவது பெட்டி வந்தாலும் நாற்பதாவது வந்தாலும் அதேதான்.

எழுதினாள். எழுதி முடித்துவிட்டுப் பழைய பிரதிகளை அழிக்கத் தொடங்கினாள். அழிக்க அழிக்க அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தனியாக உட்கார்ந்து சிரித்தாள். தேநீரோடு மேலே வந்த உம்மா நூருன்னிஸா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன மகள், கொழும்பு வேலைக்குச் சரி சொல்லிட்டியா?"

"இல்ல உம்மா! எழுதினதுல பாதிய அழிச்சிட்டேன்!"

"அழிச்சதுக்கா இந்தச் சிரிப்பு? யா அல்லாஹ்" என்று தேநீரை வைத்துவிட்டு உம்மா இறங்கிப் போனார்.*

வினோஜனுக்கு மட்டும் முழு மனம் இல்லை. "நல்லாத்தாங்க இருக்கு. ஆனா ஒண்ணு. தாய்க்குக் காய்ச்சல் வந்தா புள்ளைங்க எல்லாத்துக்கும் வரும்."

*அடிக்குறிப்பு: இதைக் கேட்ட அன்று நான் வீட்டுக்குப் போய் என் பழைய கதைகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒருவன் வருகிறான், ஒரு வில்லங்கம், மழை பெய்கிறது, கதவு சாத்துகிறது. எல்லாம் பிரதி! பாதியை அழிக்கலாம் போலிருந்தது. சிரிப்புத்தான் வரவில்லை. அப்போதுதான் தீர்மானித்தேன், இந்தக் கதையை ஒரு தாய் வகுப்பாக எழுதி ஓர் இடத்தை வெறுமையாக விடுவதென்று.

5

வினோஜனைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இவ்வளவு நேரம் ஒரே அறையில் இருக்கிறானே, மனதுக்குள் ஏதாவது... ஆகவே இப்படி எழுதினேன்:

அவள் சிரிக்கும்போதெல்லாம் வினோஜனின் நெஞ்சுக்குள் —

மபாஸா வரைவைப் படித்துவிட்டு அவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் தலையில் கைவைத்துக்கொண்டான். "ஐயோ, இத பிரவீனா பார்த்தா என்னைக் கொன்னுருவாங்க! தை மாசம் எங்களுக்குக் கல்யாணம். நீங்களும் கட்டாயம் வந்துருங்க."

போகிறேன். அந்த வரியை எடுத்துவிட்டேன்.

கண்டிப்பான தகப்பன் ஒருவரையும் செய்து வைத்திருந்தேன். பெண்பிள்ளைக்கு என்ன கம்பனி என்று மேசையில் அடிப்பவர். ஹாஜியாரைப் பார்த்துப் பேசியபின் அவரையும் கைவிட்டேன். அந்த மனிதர் மேசையில் அடித்தால் கராம்பு சிந்திவிடும் என்று யோசிப்பவர்.

வாசகரே, இருக்கிறீர்களா?

(இரண்டாம் தரம்.)

6

வியாழக்கிழமை. இரத்தோட்டையில் சந்திரகாந்தா அக்காவின் கராம்புக் கொட்டில். சுற்றுவட்டாரத்துப் பெண்கள் பறித்துக்கொண்டு வரும் கராம்பை வாங்கி உலர்த்துகிறவர் அவர். வினோஜன் அவருக்காகவே புதிய பெட்டி ஒன்று செய்து, முதல் நாளே சுவரில் மாட்டியிருந்தான். இது ஓடினால் அடுத்த கொட்டில்களும் இவர்களுக்குத்தான். நான்கு இடத்தில் வேலை நடக்கிறது, அறையை விடமாட்டேன் என்று வாப்பாவிடம் நெஞ்சை நிமிர்த்திக் கேட்கலாம் என்பது மபாஸாவின் கணக்கு. மேசையை இழுத்துப் போட்டு, மடிக்கணினியைத் திறந்து, தாய் வகுப்பிலிருந்து பிறந்த நான்காவது பிள்ளையை ஓடவிட்டாள்.

பெட்டி பேசவில்லை.

திரும்ப ஓடவிட்டாள். பேசவில்லை. வினோஜன் தன் கைபேசியில் இருந்த சோதனை நிரலால் கூப்பிட்டான், பெட்டி கிட்டத்தட்ட உடனே பேசியது. மபாஸா கூப்பிட்டாள், ஊமை. பார்க்க வந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன தம்பி, ஒங்க பொட்டி ஆள் பார்த்துத்தான் பேசுமா?" என்றார் சந்திரகாந்தா அக்கா. கோபமில்லை, சிரிப்புத்தான். ஆனால் சிரிப்புக்குப் பிறகு ஒன்று சொன்னார். "நாளைக்கு வேற ஒரு ஆளும் மிசின் காட்ட வாறாங்க. இது பேசாதுன்னா கழட்டிட்டுப் போயிருங்க தங்கச்சி. தப்பா நெனச்சுக்காதீங்க."

அந்த வெயிலில் இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். "முந்தி தனித்தனியா இருந்தப்ப எல்லாம் ஓடுச்சு. இப்பத் தாய்க்குக் காய்ச்சல்" என்று வினோஜன் தொடங்க, "என்ட பேஸ் கிளாஸ்ல பிழையே இல்ல" என்று மபாஸா சீற, பின் சீட்டில் நான். சீறினாளே தவிர, கொட்டிலும் போச்சு, அறையும் போச்சு, இன்றிரவே கொழும்புக்குச் சரி என்று எழுதிவிடவேண்டியதுதான் என்று அவள் மனம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் நான் என் வாயை நீட்டினேன்.

"புள்ள, குறுக்க பேசுறதுக்குக் கோவிக்காதீங்க. மூணாந் தரம் கூப்பிட்டுட்டு எவ்வளவு நேரம் வாசல்ல நின்னீங்க?"

சத்தியமாக நான் ஒரு காதலனைப் பற்றித்தான் கேட்டேன்.*

மபாஸா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். யார் இது, எங்கிருந்து முளைத்தது என்கிற பார்வை. பிறகு அந்தப் பார்வை மாறியது. மடிக்கணினியைத் திறந்தாள். "நான் எங்க நின்டேன்?" என்றாள், தனக்கே சொல்வதுபோல. "கூப்பிட்டு நின்டேன். ரெண்டாந் தரம் கூப்பிட்டு நின்டேன். மூணாந் தரம் கூப்பிட்டு... கதவச் சாத்திட்டேன். நிக்கவே இல்ல!"

"அது என்ன கணக்குங்க, மூணு?" என்றான் வினோஜன்.

"வீட்டு வாசல்ல சலாம் சொல்றது மூணு தரம்தானே. பதில் இல்லாட்டி மனசுல ஒன்டும் வச்சுக்காமத் திரும்பிப் போகணும். சின்னதுல இருந்து அப்படித்தான். ஆனா மூணாவது சலாத்துக்குப் பொறகும் கொஞ்சம் நிக்கணும். அத நான்தான் உட்டுட்டேன், அவசரக் குடுக்கை. இருந்தும் பாருங்க, மத்த பெட்டிகள் எல்லாம் மொதத் தரமே பதில் சொல்லுதுதானே? இது மட்டும் ஏன்..."

வினோஜன் சீட்டிலிருந்து பாதி எழுந்துவிட்டான். "அய்யோ மபாஸா! இது மூணாவது தரம்தாங்க வாயத் திறக்கும்!"

"என்ன?"

"அந்தக் கொட்டில்ல பெரிய காத்தாடி ஓடறப்ப லைன்ல கண்ட கண்ட குப்பையும் வருதுங்க. பொட்டி அதையெல்லாம் யாரோ கூப்பிடுறாங்கன்னு நெனச்சுக்கிட்டு ஒளறிக்கிட்டே இருந்துச்சு. அதுக்குத்தான் மூணாவது தரம் கூப்பிட்டாத்தான் பதில் சொல்லணும்னு எழுதிட்டேன். என் போன் விடாமக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கும், அதனாலதான் அதுக்குப் பேசுச்சு. அந்தி சாஞ்சா யாரு பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் மூணாவது தரம் வரைக்கும் வாய் திறக்காதேன்னுதானே எங்க தோட்டத்து லயத்து வீடுங்கள்ல எல்லாரையும் வளர்த்தாங்க? பேய் மூணாவது தரம் கூப்பிடாதுங்க."

"அத என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல்லையே?"

"அதான் எல்லாருக்கும் தெரிஞ்சதாச்சே! நீங்க சலாம் கணக்க என்கிட்ட சொன்னீங்களா?"

அவள் மூன்று தரம் சலாம் சொல்லிவிட்டுத் திரும்புகிறாள். அது மூன்றாம் தரம் கேட்டபிறகுதான் பேயில்லை என்று நம்பி வாய் திறக்கிறது. திறக்கும்போது வாசலில் யாரும் இல்லை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள் பாருங்கள், கண்டக்டர் என்ன நடந்ததோ என்று பதறி மணியடித்துவிட்டார், பஸ் நின்றேவிட்டது. நின்றதுதான் சாக்கென்று இருவரும் குதித்து இறங்கி, வீதியைக் கடந்து, திரும்ப மேலே போகும் பஸ்ஸுக்குக் கைகாட்டினார்கள்.

அந்த பஸ்ஸில் வைத்தே அவள் தாய் வகுப்பில் ஒரு வரி சேர்த்தாள்: கடைசித் தரம் கூப்பிட்ட பிறகும் காத்திரு. ஒரே வரி, ஒரே இடத்தில். பழைய மாதிரிப் பிரதிகளாக இருந்தால் ஒவ்வொன்றாகத் தேடி வைத்தியம் பார்த்திருக்கவேண்டும்.

கொட்டிலில் பெட்டி பேசியது. திரையில் ஈரத்தின் அளவு வந்து விழுந்தது, ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. "பேசிருச்சா?" என்று முற்றத்திலிருந்து சந்திரகாந்தா அக்கா சத்தம் போட்டார். "பேசிருச்சுக்கா!" என்று வினோஜன் உள்ளேயிருந்து கத்தினான். கராம்பு கிண்டிக்கொண்டிருந்த பெண்கள் கைதட்டினார்கள்.

"தாய்க்கு ஒரு குளிசை குடுத்தோம், புள்ளைங்க எல்லாம் எந்திருச்சு உக்காந்துருச்சுங்க" என்றான் வினோஜன். அதை அவனுடைய மன்னிப்பாக மபாஸா ஏற்றுக்கொண்டாள்.

*அடிக்குறிப்பு: மபாஸா இதை மறுக்கிறாள். நான் வாயைத் திறக்கமுன்பே தான் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்கிறாள். எழுதுவது நான்.

7

கடைக்கு வந்து சேர்ந்தபோது ஹாஜியார், பஸ்லி என்ற வாடிக்கையாளருக்குச் சாதிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தார். மபாஸா நேராகப் போய் முன்னால் நின்றாள்.

"வாப்பா, மேல்மாடிய எனக்கே தாங்க. நான் கொழும்புக்குப் போகல்ல."

மூன்றாம் தரம்.

ஹாஜியார் நிமிரவில்லை. ஒரு சாதிக்காயை எடுத்தார், இன்னொன்றைப் போட்டார். மபாஸாவின் கால்கள் பழக்கதோஷத்தில் படிக்கட்டுப் பக்கம் திரும்பின. திரும்பிய கால்களை அவள் பிடித்து நிறுத்தினாள். உள்ளே எல்லாம் ஓடு ஓடு என்றது. நின்றாள். அவர் பையில் கொட்டினார், கட்டினார், பஸ்லியிடம் கொடுத்தார், கையைத் துடைத்தார். நிமிர்ந்தவர் திடுக்கிட்டுப் போனார்.

"நீ இன்னும் இங்கதான் நிக்கிறியா?"

"பதில் வார மட்டும் நிக்கிறேன் வாப்பா."

"பதிலா? மொதத் தரம் கேட்ட அன்டைக்கே சரி என்டு சொன்னேனே மகள். ரெண்டாந் தரமும் சொன்னேன். போன் கடைக்காரருக்கு ஏலா என்டு சொல்லியும் அனுப்பிட்டேன்."

"எப்ப சொன்னீங்க?"

"நிறுத்து முடிச்சுத் தலையத் தூக்கித்தான் சொன்னேன். நீ கேட்டுட்டுப் படியேறிப் போற. ஒனக்குக் கேட்டிருக்கும் என்டுதான் இருந்தேன். பொறகு கொழும்புப் பேச்சுத் தொடங்குச்சு. சரி, அறை இருக்கு என்டு தெரிஞ்சும் புள்ள போகத்தான் ஆசப்படுது, நான் என்னத்துக்குத் தடுக்கிற என்டு..." ஹாஜியார் துடைத்த கையைத் திரும்பவும் துடைத்தார். "எனக்கும் மனசு சரியில்லாமத்தான் இருந்துச்சு மகள்."

மபாஸா அழுதாள், சிரித்தாள், சாதிக்காய்த் தூசியோடு வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ்லி காசு கொடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

8

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஓர் இடத்தை வெறுமையாக விடுவதாகச் சொன்னேனே.

படிக்கட்டுக்கு மேலே இப்போது ஒரு பலகை ஏறியிருக்கிறது. நீல வண்ணம் அடித்துக் காய்ந்துவிட்டது, பெயர்தான் எழுதவில்லை. வினோஜன் ஒன்று சொல்கிறான், மபாஸா ஒன்று சொல்கிறாள், உம்மா இரண்டும் கூடாது என்கிறார். நானும் முயன்று பார்த்தேன்:

கடைசியில் அவர்கள் அந்தக் கம்பனிக்கு வைத்த பெயர் —

இல்லை. கூட்டிவந்து, கூப்பிட்டு, காத்திருந்தது வரைக்கும்தான் தாயின் வேலை. ஓர் அறை வந்திருக்கிறது, இரண்டு தரம் சொல்லிக் கேட்காமல்போன ஒரு சரி வந்திருக்கிறது. வந்ததை என்ன செய்வது, பலகையில் என்ன எழுதுவது என்பதை நீங்கள் நிரப்புங்கள்.

எழுத்தும் டேட்டாகிராம்தானே. கண்டக்டரிடம் கொடுத்துவிட்டேன், போய்ச் சேர்ந்ததா என்று எனக்கு யாரும் வந்து சொல்லப்போவதில்லை. முன்பெல்லாம் கடைசி வரியை எழுதிய கையோடு கதவைச் சாத்திவிட்டுப் படுக்கப் போய்விடுவேன். ஒருவேளை நீங்களும் ஏதோ சொல்லியிருப்பீர்கள், நான்தான் படியேறிப் போயிருப்பேன்.

வாசகரே, இருக்கிறீர்களா?

இது மூன்றாம் தரம். பேயில்லை, நான்தான். அவசரமில்லை, கையிலுள்ள வேலையை முடித்துவிட்டு நிமிருங்கள். நான் இங்கேயே நிற்கிறேன்.